அவுட்டோர் யூனிட்டை ஷாஃப்டுக்குள்ள தள்ள முந்தி: எங்கட ஃப்ளட்ஸ் கொமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் தலைவர் ஐயா, செயலாளர் அன்ரி, பொருளாளர் அங்கிள், மற்ற கொமிட்டி ஆக்கள் எல்லாருக்கும்,

போன கிழமை லிஃப்டுக்குள்ள ஒட்டின நோட்டீஸ் பாத்தன். பெயின்ட் அடிக்க முந்தி வெளிச்சுவரில தொங்குற ஏசி அவுட்டோர் யூனிட் எல்லாத்தையும் அவையவை சொந்தச் செலவில கழட்டி கட்டடத்தின்ட நடுவில கிணறு மாதிரி மேல இருந்து கீழ வரைக்கும் கிடக்கிற ஷாஃப்டுக்குள்ள பூட்ட வேணும், ஷாஃப்டின்ட வாய்க்கு அலுமினிய லூவர், அதுதான் சரிச்சு அடுக்கின தகட்டு மறைப்பு, போட்டு மூடப்போறம், ஓகஸ்ட் முடிய முந்தி செய்யாட்டி கொமிட்டியே ஆள் வைச்சுக் கழட்டும் எண்டு எழுதிக்கிடக்கு. வட்ஸ்அப் குறூப்பில ரெண்டு வரி எழுதிப் பாத்தன், அரை மணித்தியாலத்துக்குள்ள குட்மோர்னிங் பூவும் ஆரோ விக்கிற கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் வந்து அதை மேல தள்ளிட்டுது. அதான் இப்பிடி நீட்டி எழுதுறன், கோவிக்காதேங்கோ.

வெளிச்சுவர் பொதுச் சொத்து, அதில எனக்கு வழக்கு இல்ல. 1973 இல வந்த 11 ஆம் இலக்க அப்பார்ட்மன்ட் ஓனர்ஷிப் சட்டத்திலயே பொதுப் பகுதி எண்டு ஒண்டு இருக்கு, அதைப் பாக்கிற பொறுப்பு உங்கட தலையில. கட்டடம் வடிவில்லாம இருக்கு எண்டுறதும் உண்மைதான், மரீன் டிரைவில நிண்டு நிமிந்து பாத்தா துருப்பிடிச்ச பிரக்கட்டும் கறுத்த தண்ணிக் கோடும் புறா எச்சமும்தான், எங்கட சனம் வெள்ளவத்தையில இவ்வளவு விலை குடுத்து வீடு வாங்கி இப்பிடித்தான் வைச்சிருக்குதுகள் எண்டு எனக்கே வெக்கமா இருக்கிறது. ஆனா நான் கட்டாரில 9 வருஷம் ஏசி மெயின்டனன்ஸில நிண்டவன், ஹெல்ப்பரா போய் டெக்னீசியனாகி கடைசி ரெண்டு வருஷம் சூப்பர்வைசரா இருந்தவன், அந்தக் கண்ணால பாக்கேக்க நீங்கள் செய்யப்போற வேலை எனக்கு வயித்தக் கலக்குது.

ஏசி என்ன செய்யுது எண்டா அறைக்குள்ள இருக்கிற சூட்டை அள்ளி வெளியில கொட்டுது, அவ்வளவுதான் அதின்ட வேலை. ஒரு தொன் ஏசி எண்டு சொல்லுறமே, அந்தத் தொன் எங்கயிருந்து வந்தது எண்டா முந்தின காலத்தில அமெரிக்காவில ஐஸ் கட்டியால குளிராக்கின கணக்கு, அவையின்ட ஒரு தொன் ஐஸ் 24 மணித்தியாலத்தில உருகிறதுக்கு எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அவ்வளவு. அதுதான் பெட்டியில 12,000 பிடியூ, மணித்தியாலத்துக்கு எடுக்கிற சூட்டின்ட அளவு, எண்டு எழுதியிருக்கிறது, கிலோவாட்டில சொன்னா 3.5. அறையில இருந்து எடுக்கிற அந்த 3.5 ஓட கொம்ப்ரசர் தானே இழுக்கிற கரண்டும், ஒரு கிலோவாட் மட்டில வைச்சுக்கொள்ளுவம், அதுவும் சூடாத்தான் அவுட்டோரால வெளியில வரும். ஆக ஒரு யூனிட்டுக்கு 4.5 கிலோவாட். எங்கட கட்டடம் 6 மாடி, 12 வீடு, வீட்டுக்கு ரெண்டு எண்டு பாத்தாலும் 24 அவுட்டோர். இரவு பத்து மணிக்கு அதில பாதி ஓடினாலே 54 கிலோவாட், உடுப்பு அயன் பண்ணுற பெட்டி ஒண்டு ஒரு கிலோவாட் எண்டா 54 அயன் பெட்டியை முழுச் சூட்டில போட்டு அந்த ஷாஃப்டுக்குள்ள கட்டித் தொங்க விட்டு மேல லூவரால மூடிவிட்ட மாதிரி. அந்த ஷாஃப்ட் எவ்வளவு அகலம் எண்டு உங்களுக்கே தெரியும், ரெண்டு பேர் கை விரிச்சா சுவர் தட்டும்.

அதுக்குள்ள என்ன நடக்கும். முதலாம் மாடி யூனிட் ஊதுற சூடு மேல கிளம்பும், அதை ரெண்டாம் மாடி யூனிட் இழுத்து இன்னும் சூடாக்கி ஊதும், அதை மூண்டாம் மாடி இழுக்கும், இப்பிடியே போய் 6 ஆம் மாடியில இருக்கிற டீச்சர் அன்ரியின்ட ஏசிக்கு வாறது எல்லாரும் சப்பித் துப்பின காத்து. இங்க கடையில விக்கிற ஏசி பெட்டியில இருக்கிற கணக்கெல்லாம் வெளியில 35 பாகை எண்டு வைச்சு சோதிச்சது, டி1 எண்டு சொல்லுவினம். கட்டாருக்கு வாறது டி3, அது 46 பாகையில சோதிச்ச சாமான், கொம்ப்ரசரும் கொயிலும் அதுக்கேத்த மாதிரி. எங்கட வீடுகளில கிடக்கிற டி1 யூனிட்டைக் கொண்டுபோய் நாங்களே செய்த ஒரு குட்டிக் கட்டாருக்குள்ள பூட்டப்போறம். கொழும்பில பகலில 31, 32 தான் வெக்கை, மிச்சமெல்லாம் ஈரப்பதம், எங்கட ஊர் ஏசிக்கு இது சுகமான இடம், நாங்களே அதைக் கெடுக்கப் பாக்கிறம்.

சும்மா வாயால சொல்லேல்ல. ஏற்கனவே ஷாஃப்டுக்குள்ள 5 யூனிட் இருக்கெல்லோ, போன சனிக்கிழமை பின்னேரம் ரெண்டரைக்கு மொட்டை மாடியில இருந்து ஒரு தெர்மோமீட்டரைக் கயிறில கட்டி இறக்கினன், நாலாம் மாடி மட்டத்தில 39 காட்டினது, ரோட்டுப் பக்கம் நிழலில 32. அஞ்சு யூனிட்டுக்கே அப்பிடி, அதுவும் லூவர் இல்லாம. ஏப்ரல் முதல் கிழமை சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில நிக்கும், பேந்து செப்டெம்பர் தொடக்கத்திலயும் ஒருக்கா, அந்த நாளில மத்தியானம் வெயில் அந்த ஷாஃப்டுக்குள்ள அடி வரைக்கும் நேரா இறங்கும், வேணுமெண்டா வந்து எட்டிப் பாருங்கோ.

வெளியில சூடு கூடினா உள்ளுக்குப் பிரஷர் ஏறும், கொம்ப்ரசர் ஒண்டில் ட்ரிப் ஆகி நிக்கும் இல்லாட்டி கரண்டைக் குடிச்சுக் குடிச்சு ஓடும். கரண்ட் கதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, 2022 ஓகஸ்டில 75 வீதம் கூட்டினவை, அது ஆற முந்தி 2023 பெப்ரவரியில 66 வீதம், பிறகு இறக்கினதும் ஏத்தினதும் வேற. வீட்டுப் பில் கரண்ட் யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின்ட விலையும் ஏறுற முறை, மாசத்துக்கு 180 யூனிட் தாண்டினா வாற தொகையைப் பாத்தாப் பிறகு சும்மா கிடந்தே வேர்க்கும். கட்டடம் வடிவா இருக்கோணும் எண்டு ஒவ்வொரு வீடும் மாசா மாசம் கரண்டுக்குக் கூடக் காசு கட்டுறது என்ன நியாயம் பொருளாளர் அங்கிள்?

பைப் கதையும் இருக்கு. முன் அறையில இருந்து ஷாஃப்டுக்குக் கொண்டுபோக எங்கட வீட்டில செப்புப் பைப் 12 மீட்டர் ஓடோணும், இப்ப மூண்டு மீட்டர்தான். குளிராக்கிறதுக்கு ஏசிக்குள்ள கொம்பனி நிரப்பி அனுப்புற காஸ் ஒரு அளவான நீளத்துக்குத்தான் காணும், அதுக்கு மேல மீட்டருக்கு இவ்வளவு கிராம் எண்டு கூட அடிக்கோணும், அடிக்காம விடுவாங்கள், விட்டாக் குளிராது, குளிராட்டி திரும்ப அவங்களைத்தான் கூப்பிடோணும். நல்ல பிசினஸ்.

சரி, ஷாஃப்ட் வேண்டாம் எண்டு மட்டும் சொல்லிட்டு ஓடினா அது சும்மா குறை சொல்லுறது. நீங்கள் நோட்டீஸில எழுதாத ஒரு விஷயத்தைத்தான் நான் முக்கியமாக் கதைக்க வந்தனான், அது போன வருஷம் மே மாசம் நடந்தது.

தென்மேல் காத்துத் தொடங்கி நாலஞ்சு நாள், எங்கட கடல் பக்க யூனிட் சத்தம் போடுது எண்டு சேர்விஸுக்குச் சொன்னன். ரெண்டு பெடியள் வந்தவங்கள், ஒருத்தனுக்கு 20 வயசு இருந்தாக் கூட. நான் குசினிக்குள்ள தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறதுக்குள்ள அவன் ஜன்னலால இறங்கி அரை அடி சன்ஷேட்டில நிக்கிறான், நாலாம் மாடி, காலில செருப்பு, இடுப்பில நைலோன் கயிறு, கயிறின்ட மற்ற நுனி எங்கட ஜன்னல் கிரில்லில கட்டியிருக்கு. அந்தக் கிரில்லை நான் அசைச்சுப் பாத்தனான், கடல் உப்பில துருப்பிடிச்சு அடி ரெண்டு ஸ்க்ரூவும் உதிந்து போச்சு. பெடியனின்ட கையைப் பிடிச்சு உள்ளுக்கு இழுத்தனான், அவன் சிரிக்கிறான், அங்கிள் இது டெய்லி செய்யிறது எண்டுறான். கட்டாரில கார்னஸ், அதுதான் உடம்பில கட்டுற பாதுகாப்புப் பட்டி, போட்டு ரெண்டு இடத்தில கொளுவாம நான் ஒருத்தனையும் சுவருக்கு வெளியில விட்டதில்ல, கோடையில மத்தியான நேரம் வெளிவேலையே செய்யக்கூடாது எண்டு அங்க சட்டம், அந்தச் சட்டம் ஒழுங்கா நடக்குதோ இல்லையோ எண்டது வேற கதை, ஆனா எழுதியாவது வைச்சிருக்கினம். இங்க எங்கட அம்மா அப்பாவுக்குக் குளிராக்க ஆரோ ஒரு மலையகத்துப் பெடியனோ மட்டக்களப்புப் பெடியனோ துருப்பிடிச்ச கிரில்லில தொங்குறான், நாங்கள் உள்ளுக்கு இருந்து கெதியா முடி தம்பி எண்டுறம். அண்டைக்கு நான் சேர்விஸ் செய்விக்கேல்ல, தேத்தண்ணியைக் குடுத்து வந்த கூலியையும் குடுத்து அனுப்பிட்டன். யூனிட் இப்பவும் சத்தம் போடுது.

மொட்டை மாடியில நாலு மூலையிலயும் கொங்கிரீட்டுக்குள்ள இறக்கின நாலு அங்கர் கொளுக்கி, அதுதான் எனக்கு முதல்ல வேணும். பெயின்ட் அடிக்கிற ஆக்களும் எப்பிடியும் தொங்கத்தானே போறாங்கள், அதே செலவோட செலவா இஞ்சினியர் ஒருத்தரைக் கொண்டு பாரத்துக்கு சோதிச்சுப் போட்டா 20 வருஷத்துக்கு ஏசிக்காரன், டிஷ்காரன், தண்ணிப் பைப்காரன் எல்லாருக்கும் உதவும். லூவருக்கு ஒதுக்கின காசு தாராளமாக் காணும். கார்னஸ் ரெண்டு வாங்கி செக்கியூரிட்டி அறையில வைப்பம், போடாம வெளியில இறங்கக்கூடாது எண்டு ஒரு நோட்டீஸ் ஒட்டுவம், லிஃப்டுக்குள்ளதான் இடம் இருக்கே.

தண்ணி அடுத்தது. எங்கட ஈரப்பதத்துக்கு ஒரு யூனிட் மணித்தியாலத்துக்கு ஒரு லீட்டர் மட்டில தண்ணி விடும், இரவிரவா ஓடினா ஒரு வாளி. இப்ப அந்தத் தண்ணி எங்க போகுது? முதலாம் மாடி அன்ரியின்ட துளசிச் சாடிக்கும், கீழ நிக்கிற திரீவீலின்ட ஹூட்டுக்கும், பின் பக்க லேனால போற ஆக்களின்ட தலைக்கும். சிலர் பைப்புக்குக் கீழ வாளி வைச்சிருக்கினம், நல்ல மனசுதான், ஆனா வாளியை ஊத்த மறந்துபோய் ஊருக்குப் போயிடுவினம், ஒரு கிழமை பத்து நாள் காணும் நுளம்புக்கு முட்டையில இருந்து பறக்க. 2017 இல நாடு முழுக்க ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல டெங்கு வந்ததை மறந்திட்டமோ, கொழும்புதான் அதில முன்னுக்கு நிண்டது. 2007 ஆம் ஆண்டின்ட நுளம்புச் சட்டத்தில வீட்டுக்காரருக்கு வழக்குப் போடலாம், பிஎச்ஐ, சுகாதாரப் பரிசோதகர், வந்து பாத்தா வாளி ஆரின்ட எண்டு நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொண்டு நிப்பம். பின் பக்கமா மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே ஒரு ரெண்டு இஞ்சி பிவிசி பைப், மாடிக்கு ஒரு டீ இணைப்பு வைச்சு எல்லா வீட்டு ட்ரெயினையும் அதில கொளுவி அடியில கானுக்கு விட்டா விஷயம் முடிஞ்சுது. அந்தக் கறுத்தக் கோடும் வராது, நீங்கள் அடிக்கப்போற புதுப் பெயின்டும் தப்பும். சுவரை அசிங்கமாக்கிறதே முக்கால்வாசி அந்தத் தண்ணிதான், யூனிட் இல்ல.

யூனிட்டை எங்க வைக்கிறது எண்டா, ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒம்பதையும் எடுத்துப் பின் பக்கச் சுவரில மாடிக்கு மாடி ஒரே கோட்டில, ஒரே அளவு பிரக்கட்டில வைக்கலாம், அங்க காத்து ஓடும், லேனில இருந்து ஆரும் நிமிந்து பாக்கப்போறதும் இல்ல. கடல் பக்கம் இருக்கிறது அங்கயே இருக்கட்டும் ஆனா பிரக்கட் மட்டும் மாத்தோணும், சாதாரண இரும்புக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சு விக்கிறதை வாங்காதேங்கோ, ரயில் பாதைக்கு அங்கால அலை அடிக்கேக்க எங்கட ஜன்னல் கண்ணாடியில உப்புப் படியுது, அந்த உப்பு இரும்பை விடுமோ? ஸ்டெயின்லஸ் அல்லாட்டி கல்வனைஸ் பண்ணினது. கொயிலிலயும் இதே பிரச்சினைதான், செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டி இருக்கிற இடத்தில உப்புத்தண்ணி பட்டா அலுமினியம் பொருபொருத்து மாவாகும், கையால தட்டினாக் கொட்டும். அதுக்குப் பெரிய மருந்து ஒண்டும் இல்ல, நல்ல தண்ணியால மெதுவா அடிச்சுக் கழுவுறதுதான், கடல் பக்கம் உள்ளவை ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா. பிரஷர் வோஷரைக் கிட்டப் பிடிச்சு அடிச்சாத் தகடெல்லாம் மடங்கிடும், பிறகு காத்தே போகாது, நான் பாத்த முக்கால்வாசி பாழாப்போன கொயில் அப்பிடிப் பாழாப்போனதுதான்.

காஸ் விஷயத்தில எங்கட சனம் ஏமாறுற மாதிரி வேற ஒண்டிலயும் ஏமாறாது. வருஷா வருஷம் காஸ் குறைஞ்சு போச்சு எண்டு அடிச்சுக்கொண்டு போறாங்களெல்லோ, காஸ் பெற்றோல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமான் இல்ல, மூடின பைப்புக்குள்ள சுத்திச் சுத்தி ஓடுறது, குறைஞ்சா எங்கயோ ஓட்டை இருக்கு, ஓட்டையை அடைக்காம அடிக்கிற காஸ் காத்தோட போற காசு. எங்கட கட்டடத்தில எனக்குத் தெரிய இன்னும் 6 யூனிட் ஆர்22 எண்ட பழைய காஸில ஓடுது. அது ஓசோனுக்குக் கூடாது எண்டு மொன்ட்ரியல் ஒப்பந்தப்படி குறைச்சுக்கொண்டு வாற காஸ், எங்களை மாதிரி நாடுகளில 2030 ஓட புதுசா இறக்கிறது கிட்டத்தட்ட நிண்டிடும், இப்பவே தேடிப் பிடிக்கத்தான் வேணும். அந்த யூனிட்டுக்குள்ள புது வகைக் காஸான ஆர்410ஏயோ ஆர்32ஓ அடிச்சுத் தாறன் எண்டு ஆரும் சொன்னா கதவைச் சாத்துங்கோ, அதுகளின்ட பிரஷர் ஒண்டரை மடங்குக்கு மேல, எண்ணெயும் வேற. இடம் மாத்தித்தான் ஆகோணும் எண்டா அந்த 6 வீட்டுக்காரரும் பழசைக் கழட்டித் திரும்பப் பூட்டுற காசைச் சேமிச்சு புதுசாவே வாங்கினா நல்லம், இன்வேட்டர், ஆர்32, கொயிலுக்கு நீலமோ தங்கக் கலரோ கோட்டிங் அடிச்சது. ஆர்32 கொஞ்சம் தீப்பிடிக்கக்கூடிய வகை, வெளியில காத்தோட்டமா இருந்தாப் பயப்பிட ஒண்டும் இல்ல, ஆனா மூடின ஷாஃப்டுக்குள்ள 24 யூனிட், பக்கத்தில எல்லார்ட குசினி ஜன்னலும், நான் யோசிச்சுப் பாக்கவே விரும்பேல்ல. பூட்டேக்க பைப்புக்குள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வெக்யூம் பம்ப் போடுறானோ எண்டு மட்டும் பக்கத்தில நிண்டு பாருங்கோ, காஸைத் திறந்து விட்டுக் காத்தைத் தள்ளிட்டு சரி அங்கிள் எண்டுவாங்கள், உள்ளுக்கு ஈரம் நிண்டாக் கொம்ப்ரசருக்கு ஆயுசு குறைவு.

அண்ணா லண்டனில ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார், அங்க வீட்டைச் சூடாக்க காஸ் பொய்லர், வருஷத்துக்கு ஒருக்கா பதிஞ்ச ஆளைக் கூப்பிட்டுச் சோதிச்சு அந்தத் துண்டை வாடகைக்காரருக்குக் குடுக்காட்டி வீட்டுக்காரர் சட்டத்துக்குப் பதில் சொல்லோணும். இதைக் கேட்டு அம்மா சிரிச்சவ, நுவரெலியாவில எண்டாலும் பறவாயில்ல கொழும்பில ஆருக்கு வீட்டைச் சூடாக்கிற கவலை எண்டு. ஆனா எனக்கு அந்தத் துண்டு பிடிச்சிருந்தது. இங்க கட்டில்ல தண்ணி சொட்டினாத்தான் சேர்விஸ் நினைவு வரும், ஆரையோ கூப்பிடுவம், அவர் ஃபில்டரை பாத்ரூம் ஷவரில பிடிச்சுட்டு 5,000 ரூபா வாங்கிக்கொண்டு போவார், ஃபில்டர் நாங்களே ரெண்டு கிழமைக்கு ஒருக்கா கழுவக்கூடியது. 12 வீடும் தனித்தனியாப் பேரம் பேசாம கொமிட்டி ஊடாக ஒரே இடத்தில வருஷத்துக்கு ரெண்டு முறை, மார்ச் தொடக்கத்தில வெக்கைக்கு முந்தி ஒருக்கா, ஒக்டோபரில கடல்காத்து ஓய்ஞ்சாப் பிறகு ஒருக்கா எண்டு பேசினா விலையும் குறையும், என்விகியூ எண்ட தொழில் தகுதிச் சேர்ட்டிபிகேட் இருக்கிற பெடியளைத்தான் அனுப்போணும் எண்டு எழுதி வாங்கலாம், ஒவ்வொரு யூனிட்டுக்கும் என்ன செய்தது, பிரஷர் எவ்வளவு, அம்பியர் எவ்வளவு எண்டு ஒரு துண்டும் கேக்கலாம். அந்தத் துண்டுகளைப் பாக்கிற வேலையை நான் சும்மாவே செய்து தாறன், ரிட்டயர் ஆன மாதிரித்தானே இருக்கிறன்.

ஏசி ஆடம்பரம், ஃபேன் போட்டுக்கொண்டு படுங்கோவன் எண்டு போன வருடாந்தப் பொதுக்கூட்டத்தில ஒரு ஐயா சொன்னவர். 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டேக்க எல்லாரும் பனையோலை விசிறியோட மொட்டை மாடியில படுத்தனாங்கள்தான், அவரும் பக்கத்தில படுத்தவர், நல்லாக் குறட்டை விட்டவர். ஆனா மொட்டை மாடியில படுக்க ஏலாத 80 வயசு ஆக்கள் இந்தக் கட்டடத்தில 7 பேர் இருக்கினம், அவையில ஒராள் என்ட அம்மா.

வாற ஞாயிறு கூட்டத்தில பதில் சொன்னாக் காணும், எழுத்தில வேண்டாம். அதுக்கு முந்தி சனிக்கிழமை ரெண்டரைக்கு கொமிட்டியில ஒராளாவது மொட்டை மாடிக்கு வாங்கோ, தெர்மோமீட்டரும் கயிறும் நான் கொண்டாறன். போன முறை கதவுச் சாவிக்கு செக்கியூரிட்டி அண்ணையோட அரை மணித்தியாலம் கதைக்க வேண்டி வந்தது, அதை மட்டும் முதலே சொல்லித் திறந்து வையுங்கோ.

இப்படிக்கு,
நாலாம் மாடி, கடல் பக்க வீட்டுக்காரன், சத்தம் போடுற ஏசிக்குச் சொந்தக்காரன்